கையடக்கப் பாட்டுப்பெட்டி: குறைந்த விலையில் எதைப் பார்த்து வாங்குவது?

கையடக்க டிஜிட்டல் மியூசிக் பிளேயருக்குள் இருப்பவை நான்கே நான்கு. பாட்டுக் கோப்புகளைச் சேர்த்துவைக்கும் நினைவகம். கோப்பைப் பிரித்துப் படிக்கும் சிப். படித்த எண்களை மின்னலையாக மாற்றி இயர்போனுக்கு அனுப்பும் டிஏசியும் ஆம்ப்ளிஃபயரும். எல்லாவற்றுக்கும் மின்சாரம் தரும் பேட்டரி. சென்னை ரிச்சி தெருவில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் கிளிப் பிளேயரிலும், கண்ணாடிப் பெட்டிக்குள் அரை லட்சம் ரூபாய்க்கு மேல் விலை ஒட்டி வைத்திருக்கும் வாக்மேனிலும் இவைதாம் இருக்கின்றன.

விலை குறைந்தால் ஒலி சுமாராகத்தான் இருக்கும் என்பது பரவலான நம்பிக்கை. இருபது ஆண்டுகளுக்கு முன் அது சரி. இன்றைக்கு இந்தக் கருவியில் மிகவும் மலிந்துபோன சரக்கு நல்ல ஒலிதான். மலியாமல் நிற்பது மென்பொருள். கேட்ட பாட்டைத் தேடி எடுத்துத் தருவது, பெயரைப் பிழையில்லாமல் காட்டுவது, விட்ட இடத்தை நினைவில் வைத்திருப்பது, வரிசை மாறாமல் பாடுவது எல்லாம் அதன் பொறுப்பு. விலை குறைந்த பிளேயரில் ஏமாற்றம் வருவது பெரும்பாலும் இந்த இடங்களில்தான். அட்டைப்பெட்டியில் கொட்டை எழுத்தில் அச்சாகி வருவதோ ஒலியைப் பற்றிய எண்கள்.

ஐபாடுக்கு முன்னும் பின்னும்

ஜெர்மனியின் ஃப்ராவுன்ஹோஃபர் ஆய்வு நிறுவனத்தின் உழைப்பில் உருவான எம்பி3 முறை, காது கவனிக்காத ஒலித் துணுக்குகளைக் கழித்துவிட்டு மிச்சத்தை மட்டும் சேமிக்கிறது. சிடியில் நிமிடத்துக்குப் பத்து மெகாபைட்டுக்கு மேல் பிடிக்கும் பாட்டு, இந்த முறையில் ஒரு மெகாபைட்டுக்குள் அடங்கியது. 1998-ல் தென்கொரியாவின் சேஹான் நிறுவனம் எம்பிமேன் என்ற பிளேயரைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அதே ஆண்டு அமெரிக்காவில் டயமண்ட் நிறுவனத்தின் ரியோ பிஎம்பி300 வந்தது. 32 மெகாபைட் நினைவகம், 200 டாலர் விலை, சுமார் அரைமணி நேரப் பாட்டு, அவ்வளவுதான். அதற்கே அமெரிக்க இசைப்பதிவு நிறுவனங்களின் சங்கம் வழக்குப் போட்டது. 1999-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் டயமண்டுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. சொந்தத்தில் வைத்திருக்கும் பாட்டைக் கையோடு கொண்டுபோய்க் கேட்பதற்காகப் பிரதி எடுத்துக்கொள்வது தனிப்பட்ட பயன்பாடுதான் என்றது அந்தத் தீர்ப்பு. பின்னால் வந்த பிளேயர்களுக்கெல்லாம் அது கதவைத் திறந்துவிட்டது.

2001 அக்டோபரில் ஆப்பிள் நிறுவனம் ஐபாடை அறிமுகப்படுத்தியது. 5 ஜிபி ஹார்ட் டிஸ்க், 399 டாலர், ஆயிரம் பாட்டு. அதன் ஒலி அன்றைய போட்டியாளர்களை விட வானளவு உயர்ந்தது என்று சொல்ல முடியாது. கட்டைவிரலால் சக்கரத்தைச் சுற்றினால் ஆயிரம் பாட்டிலிருந்து வேண்டியதைச் சில நொடிகளில் எடுக்க முடிந்தது. மக்கள் பணம் கொடுத்தது அதற்காகத்தான். பிறகு ஸ்மார்ட்போன் இந்த வேலையையும் தன்னோடு சேர்த்துக்கொண்டது. 2022 மே மாதம் ஐபாட் உற்பத்தியை நிறுத்துவதாக ஆப்பிள் அறிவித்தபோது அது யாருக்கும் அதிர்ச்சியாக இல்லை.

ஆனாலும் பிளேயர் ஒழியவில்லை. 2017-ல் சரிகம நிறுவனம் 5,000 பழைய பாட்டுகளை உள்ளேயே ஏற்றி, பழைய டிரான்சிஸ்டர் ரேடியோவின் தோற்றத்தில் கார்வான் என்ற பெட்டியை விற்கத் தொடங்கியது. இதே பாட்டுகள் போனில் இலவசமாகவே கிடைக்கும் காலத்தில், பெற்றோருக்குப் பரிசாக வாங்கிக் கொடுக்கும் பொருளாக அது மாறியது. தமிழ்ப் பாட்டுகளோடு தனிப் பதிப்பும், சட்டைப்பையில் வைக்கும்படியான கார்வான் கோவும் பின்னர் வந்தன. பெரிய குமிழைத் திருகினால் பாட்டு வரவேண்டும், நடுவில் விளம்பரமோ அழைப்போ வரக்கூடாது. வாங்கியவர்கள் விரும்பியது இவ்வளவுதான்.

இன்று தனி பிளேயர் தேடுபவர்களும் ஏறக்குறைய இதே காரணத்துக்காகத்தான் தேடுகிறார்கள். தேர்வுக்குப் படிக்கும் பிள்ளையின் கையில் போன் இருக்கக் கூடாது என்று நினைக்கும் வீடு, தொடுதிரை பழகாத முதியவர், சிக்னல் கிடைக்காத ஊரில் நீண்ட பயணம் போகிறவர், நடைப்பயிற்சியின்போது வாட்ஸ்அப் ஒலி கேட்க விரும்பாதவர் என்று பட்டியல் நீளும். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. பாட்டுகள் கோப்புகளாகக் கைவசம் இருக்க வேண்டும். கேட்பதெல்லாம் ஸ்பாட்டிஃபை, யூடியூப் மியூசிக் போன்ற சந்தா சேவைகளில் என்றால் சாதாரண பிளேயர் பயன்படாது. அந்தச் செயலிகளில் டவுன்லோட் செய்த பாட்டு, செயலியை விட்டு வெளியே வராது. அவர்கள் ஆண்ட்ராய்டு பிளேயரைப் பார்க்க வேண்டும், அல்லது போனோடு இருந்துவிடலாம்.

கோப்பின் எடை

நினைவகம் எவ்வளவு வேண்டும் என்பது கோப்பின் தரத்தைப் பொறுத்தது. நான்கு நிமிடப் பாட்டு 128 கேபிபிஎஸ் (நொடிக்கு இத்தனை கிலோபிட் என்ற கணக்கு) எம்பி3-யாக இருந்தால் நான்கு மெகாபைட்டுக்குச் சற்றுக் குறைவு. 320 கேபிபிஎஸ் என்றால் 9.6 மெகாபைட். சிடியிலிருந்து ஒரு துளியும் கழிக்காமல் சுருக்கும் ஃப்ளாக் முறையில் அதே பாட்டு 25 முதல் 30 மெகாபைட் வரை போகும். 32 ஜிபி கார்டில் 320 கேபிபிஎஸ் பாட்டு மூவாயிரத்துக்கு மேல் கொள்ளும். ஃப்ளாக் என்றால் ஆயிரத்துச் சொச்சம். ஒரு குடும்பம் உண்மையில் திரும்பத் திரும்பக் கேட்கும் பாட்டுகளுக்கு இதுவே தாராளம். ஆகவே உள்நினைவகம் பெரிதாக உள்ள பிளேயரை விட, மைக்ரோ எஸ்டி கார்டு போடும் பிளேயரே மேல். கார்டைத் தனியாக வாங்கிக்கொள்ளலாம், நிறைந்தால் மாற்றிக்கொள்ளலாம், பிளேயர் பழுதானாலும் பாட்டு போகாது.

பழைய அல்லது மிக மலிவான பிளேயரின் அட்டையில் ‘32 ஜிபி வரை’ என்று போட்டிருந்தால் பதற வேண்டாம். 64 ஜிபியும் அதற்கு மேலும் உள்ள கார்டுகள் எக்ஸ்ஃபேட் என்ற அமைப்பில் வருகின்றன. பழைய பிளேயர்களுக்கு ஃபேட்32 மட்டுமே தெரியும். கார்டை ஃபேட்32-க்கு மாற்றி ஃபார்மேட் செய்தால் பல பிளேயர்கள் 64 ஜிபியையும் படித்துவிடும்.

பெரிய கார்டில் இருக்கும் ஆபத்து போலிதான். சிறிய கார்டின் கன்ட்ரோலரில் பொய்க் கணக்கை எழுதி, 256 ஜிபி என்று கணினியிடமே சொல்லவைப்பார்கள். முதலில் ஏற்றும் பாட்டெல்லாம் ஒழுங்காகப் பாடும். உண்மையான கொள்ளளவு தாண்டியதும் புதிய பாட்டு பழைய பாட்டை அழித்துக்கொண்டு எழுதப்படும், அல்லது எழுதப்படாமலே போகும். எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருள் கார்டு முழுவதையும் எழுதிப் படித்துப் பார்த்து உண்மையைச் சொல்லிவிடும். பெரிய கார்டுக்கு மணிக்கணக்கில் ஆகும். ஆனாலும் கார்டு வாங்கிய அன்றே செய்துவிடுவது நல்லது.

கோப்பு எங்கிருந்து வருகிறது என்பதும் கேட்கும் தரத்தைத் தீர்மானிக்கிறது. வீட்டில் பரணில் கிடக்கும் அசல் சிடிகளைக் கணினியில் ஏற்றிக்கொள்வது இன்றும் சிறந்த வழி. ஆப்பிளின் ஐட்யூன்ஸ் ஸ்டோர் பூட்டு இல்லாத 256 கேபிபிஎஸ் ஏஏசி கோப்புகளை விற்கிறது. பேண்ட்கேம்ப் தளத்தில் தனிக் கலைஞர்களின் பதிவுகள் ஃப்ளாக்காகவே கிடைக்கும். மொபைல் கடைகளில் கார்டை நீட்டி ‘பாட்டு ஏத்திக் கொடுங்க’ என்று தொகுப்பு வாங்கிவருவது இன்னும் பல ஊர்களில் நடப்பதுதான். அது பதிப்புரிமைச் சட்டத்துக்குப் புறம்பானது என்பது ஒருபுறம் இருக்க, அந்தக் கோப்புகள் பலமுறை சுருக்கப்பட்டுத் தேய்ந்தவை. 128-ல் இருந்த பாட்டை 320 ஆக மாற்றினால் எடைதான் கூடும், இழந்த ஒலி திரும்பாது. ஸ்பெக் என்ற இலவச மென்பொருளில் கோப்பைத் திறந்தால் படமே காட்டிக்கொடுத்துவிடும். 320 என்று பெயர் போட்ட பாட்டின் அலைகள் 16 கிலோஹெர்ட்ஸ் பக்கத்தில் கத்தியால் சீவியதுபோல் நின்றால், அது 128-லிருந்து வந்தது என்றே கொள்ளலாம்.

ஒலி: எங்கே போதும் என்று நிறுத்துவது

மனிதக் காது கேட்கும் எல்லை ஏறத்தாழ 20 ஹெர்ட்ஸ் முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை. வயது ஏற ஏற மேல் எல்லை சரிந்துகொண்டே வரும். சிடி நொடிக்கு 44,100 முறை ஒலியை அளந்து பதிகிறது. இந்த வேகத்தில் 22,050 ஹெர்ட்ஸ் வரையுள்ள ஒலியைப் பிடித்துவிட முடியும். ஆக, சிடியின் தரமே காதின் எல்லையைத் தாண்டியது. அதற்கு மேல் 96, 192 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், டிஎஸ்டி என்று அட்டையில் வரிசையாக வரும் எண்கள் ஒலிப்பதிவுக் கூடத்துக்குப் பயன்படும். கேட்பவருக்கு அவை என்ன தருகின்றன என்பதை 2007-ல் மேயர், மோரன் என்ற இருவர் ஆடியோ எஞ்சினியரிங் சொசைட்டியின் ஆய்விதழில் எழுதினார்கள். உயர்தர டிஸ்க்கின் ஒலியையும், அதையே சிடி தரத்துக்கு இறக்கிய ஒலியையும் எது எதுவென்று சொல்லாமல் கேட்கவைத்தபோது, 554 முறையில் 276 முறை சரியான விடை வந்தது. நாணயத்தைச் சுண்டிப்போட்டிருந்தாலும் இதே கணக்குத்தான் வந்திருக்கும்.

எனவே தங்க நிற ‘ஹை-ரெஸ்’ முத்திரைக்காகக் கூடுதல் பணம் தர வேண்டியதில்லை. எம்பி3, ஏஏசி, ஃப்ளாக் மூன்றையும் படித்தால் போதும். பார்க்க வேண்டியவை வேறு இரண்டு.

முதலாவது இரைச்சல். சிறிய இயர்போன்கள் மிகவும் கூர்மையானவை; பிளேயரின் மின்சுற்றில் உள்ள இரைச்சலைப் பாட்டோடு சேர்த்துக் காட்டிவிடும். பாட்டை நிறுத்திய நிலையிலும், இரு பாட்டுகளுக்கு நடுவிலும் ‘உஸ்’ என்ற சத்தமோ, பொத்தானை அழுத்தும்போது ‘டிக்’ என்ற சத்தமோ கேட்டால் அந்தப் பிளேயரை வைத்துவிடலாம். தம்புராவின் மெல்லிய ரீங்காரத்தில் தொடங்கும் கச்சேரிப் பதிவில் இந்த உஸ்ஸோடு உட்கார முடியாது.

இரண்டாவது சத்தத்தின் படிகள். மலிவான பிளேயர்கள் சிலவற்றில் முப்பது படிகளே இருக்கும். முதல் படியிலேயே இரவு நேரத்துக்கு அதிகமான சத்தம் வரும், பூஜ்யத்தில் ஒன்றுமே வராது. இரண்டுக்கும் நடுவில் இடமில்லை. சத்தம் போதுமா என்ற எதிர்க் கவலை பெரும்பாலும் வீண். 32 ஓம் தடையும், ஒரு மில்லிவாட்டுக்கு 100 டெசிபல் திறனும் உள்ள இயர்போனுக்கு 20 மில்லிவாட் கொடுத்தாலே 113 டெசிபல் வந்துவிடும். அது காதைக் கெடுக்கும் அளவு. 300 ஓம் தடையுள்ள பெரிய ஸ்டுடியோ ஹெட்போன் வைத்திருப்பவர்கள் மட்டுமே ஆம்ப்ளிஃபயரின் வலிமையைப் பற்றிக் கேட்க வேண்டும்.

ஒலிக்காகச் செலவழிக்க விரும்பும் பணம் இயர்போனில் போகட்டும். இரண்டு நல்ல பிளேயர்களுக்கு இடையே காதில் கேட்கும் வித்தியாசம் கடுகளவு என்றால், இரண்டு இயர்போன்களுக்கு இடையே அது மலையளவு. மூன்டிராப் சூ, செவன் ஹெர்ட்ஸ் ஜீரோ போன்ற சீன இயர்போன்கள் சில ஆண்டுகளுக்கு முன் பல ஆயிரம் ரூபாய்க்குக் கிடைத்த தரத்தை இரண்டாயிரம், மூவாயிரத்துக்குக் கொண்டுவந்துவிட்டன. மொத்த பட்ஜெட் ஐயாயிரம் என்றால் மூவாயிரத்துக்குப் பிளேயரும் இரண்டாயிரத்துக்கு இயர்போனும் வாங்குவது, ஐயாயிரத்துக்குப் பிளேயர் வாங்கி அதோடு இலவசமாக வரும் இயர்போனில் கேட்பதை விட எவ்வளவோ மேல். காதை நன்றாக அடைக்கும் ரப்பர் முனை அமைந்தால் பேருந்தின் இரைச்சல் குறையும். சத்தத்தைக் கூட்டத் தேவை வராது. பெரியவர்களுக்கு வாரத்துக்கு 40 மணி நேரம், 80 டெசிபல் என்பது உலக சுகாதார நிறுவனம் வகுத்த பாதுகாப்பு வரம்பு. 90 டெசிபலுக்கு அது வாரத்துக்கு நான்கு மணி நேரமாகச் சுருங்கிவிடுகிறது.

தமிழ்ப் பெயரும் தாறுமாறான வரிசையும்

தமிழ்ப் பாட்டு கேட்பவர் வாங்குமுன் சோதிக்க வேண்டிய முதல் விஷயம், எந்த விமர்சனத்திலும் வராத ஒன்று: பிளேயர் தமிழ் எழுத்தைக் காட்டுமா? ‘தென்றல்’ என்ற சொல்லில் ‘தெ’ என்ற எழுத்து யூனிகோடில் முதலில் ‘த’, பிறகு ஒற்றைக் கொம்பு என்ற வரிசையில் சேமிக்கப்படுகிறது. திரையில் கொம்பை ‘த’வுக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்துவது மென்பொருளின் வேலை. ‘கொடி’யில் கொம்பு ஒருபக்கமும் கால் மறுபக்கமும் பிரிய வேண்டும். ஆங்கிலத்தையும் சீனத்தையும் மட்டும் மனத்தில் வைத்து எழுதிய மலிவு மென்பொருளுக்கு இந்த வேலை தெரியாது. எழுத்துரு இல்லையென்றால் வெறும் கட்டங்கள் வரும். எழுத்துரு இருந்தும் சேர்க்கும் அறிவு இல்லையென்றால் கொம்பு பின்னால் தொங்கும், புள்ளி தனியாக நிற்கும். ஆண்ட்ராய்டில் ஓடும் பிளேயர்களில் இந்தச் சிக்கல் இல்லை. மற்றவற்றை வாங்கும்போது ‘தென்றல்’, ‘கொடி’, ‘மௌனம்’ என்று பெயரிட்ட மூன்று கோப்புகளைக் கார்டில் போட்டுக் கடைக்குக் கொண்டுபோனால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். தேறாத பிளேயர் மற்றபடி நன்றாக இருந்தால், பாட்டுகளுக்கு ஆங்கில எழுத்தில் பெயர் வைத்துச் சமாளிப்பதைத் தவிர வழியில்லை.

பெயர் என்றால் கோப்பின் பெயர் மட்டும் இல்லை. ஒவ்வொரு எம்பி3-க்குள்ளும் பாட்டு, ஆல்பம், பாடகர், இசையமைப்பாளர் ஆகிய விவரங்களைத் தாங்கிய டேக் இருக்கிறது. பிளேயர் பட்டியல் போடுவது இதை வைத்துத்தான். மேற்கத்திய இசைக்காக வகுத்த அமைப்பு என்பதால் அதில் ‘ஆர்ட்டிஸ்ட்’ என்ற ஒரே ஆள் முக்கியம். தமிழ்த் திரைப்பாட்டிலோ கேட்பவர் படத்தின் பெயரால் தேடுவார், இசையமைப்பாளரால் தேடுவார், பாடகரால் தேடுவார். டேக் எழுதியவர் ஓரிடத்தில் இளையராஜாவை ஆர்ட்டிஸ்ட் ஆக்கியிருப்பார், இன்னோரிடத்தில் எஸ். ஜானகியை. எஸ்.பி. பாலசுப்ரமணியத்தின் பெயர் ஆங்கிலத்தில் முதலெழுத்துகளாக ஒரு கோப்பில், புள்ளி வைத்து ஒன்றில், முழுப்பெயராக ஒன்றில், எழுத்துக்கூட்டு மாறி ஒன்றில் இருக்கும். பிளேயரின் கண்ணுக்கு இவர்கள் நான்கு பாடகர்கள். டூயட் என்றால் இருவர் பெயரும் சேர்ந்து ஐந்தாவது பாடகர் பிறந்துவிடுவார். டவுன்லோட் செய்த தளத்தின் பெயரே ஆல்பத்தின் பெயராக நிற்பதும் உண்டு.

எம்பி3டேக் போன்ற இலவச மென்பொருளில் உட்கார்ந்து இதைச் சீர்செய்யலாம். ஆல்பம் என்ற இடத்தில் படப்பெயர், ‘ஆல்பம் ஆர்ட்டிஸ்ட்’ என்ற இடத்தில் இசையமைப்பாளர், ஆர்ட்டிஸ்ட் இடத்தில் பாடகர்கள் என்று ஒரே முறையை வைத்துக்கொண்டால் எந்தப் பிளேயருக்கும் புரியும். ஆயிரக்கணக்கான பாட்டுக்கு யார் செய்வது என்று மலைப்பவர்களுக்கு எளிய மாற்று, ஃபோல்டர் வழியாகப் பாடும் வசதி. இசையமைப்பாளருக்கு ஒரு ஃபோல்டர், அதற்குள் படத்துக்கு ஒன்று. டேக் எப்படி இருந்தாலும் கவலையில்லை. இந்த வசதி இல்லாத பிளேயரைத் தமிழ்ப் பாட்டுக்காக வாங்குவதில் அர்த்தமில்லை.

வரிசையிலும் ஒரு கண்ணி இருக்கிறது. திரையில்லாத சிறு பிளேயர்கள் பல, பெயரின் அகரவரிசையைப் பார்ப்பதில்லை. கார்டில் எந்தக் கோப்பு முதலில் எழுதப்பட்டதோ அதை முதலில் பாடும். ஒரு தொடர் சொற்பொழிவை 01, 02 என்று எண்ணிட்டு ஏற்றினாலும் ஏழாவது நாள் முதலில் வந்து நிற்பது இதனால்தான். கோப்புகளை ஒவ்வொன்றாக வரிசைப்படி ஏற்ற வேண்டும், அல்லது ஃபேட்சார்ட்டர் போன்ற மென்பொருளால் கார்டின் வரிசையைத் திருத்த வேண்டும். மேக் கணினியிலிருந்து ஏற்றினால் ஒவ்வொரு பாட்டுக்கும் துணையாகக் கண்ணுக்குத் தெரியாத ஒரு சிறு கோப்பும் போய்ச் சேரும். மலிவு பிளேயர் அதையும் பாட்டென்று நம்பிப் பாட முயன்று திணறும்.

இடைவெளியில்லாமல் பாடுவது, விட்ட இடத்தில் தொடர்வது

எம்பி3 கோப்பு சிறு சிறு துண்டுகளாக அமைந்தது. ஒவ்வொரு துண்டும் ஒரு நொடியில் ஏறத்தாழ நாற்பதில் ஒரு பங்கு. பாட்டின் நீளம் துண்டுகளில் சரியாக முடியாதபோது கடைசியில் வெறுமையை இட்டு நிரப்புகிறார்கள். தனித்தனிச் சினிமாப் பாட்டுகளில் இது தெரியாது. ராகம் தானம் பல்லவியைத் தனித்தனி டிராக்குகளாக வெட்டிய கச்சேரிப் பதிவில், தானம் முடிந்து பல்லவி தொடங்கும் இடத்தில் சுருதி அறுந்து மறுபடி ஒட்டும். இந்த இடைவெளியை மூடத் தெரிந்த பிளேயர்களின் விவரத்தில் ‘கேப்லெஸ்’ என்று இருக்கும். கர்நாடக இசை கேட்பவர்களுக்கு ஹை-ரெஸ் முத்திரையைக் காட்டிலும் இது பெறுமானம் உள்ளது.

உபன்யாசம், ஒலிப்புத்தகம், பாடக் குறிப்பு கேட்பவர்களுக்கு வேண்டியது வேறு. இரண்டு மணி நேரக் கோப்பை நடுவில் நிறுத்தி அணைத்தால், மறுநாள் அதே இடத்திலிருந்து தொடர வேண்டும். சில பிளேயர்கள் கோப்பின் தொடக்கத்துக்குப் போய்விடும். சில, கடைசியாகக் கேட்ட ஒரே ஒரு கோப்பை மட்டும் நினைவில் வைக்கும். பத்து நொடி பின்னால் போவதற்குப் பொத்தான் இருக்கிறதா என்பதையும் பார்க்கலாம்.

பொத்தானைப் பற்றிய பொதுவிதி: சட்டைப்பையில் இருக்கும்போது கண்ணால் பார்க்காமல் பாட்டை மாற்ற, சத்தத்தைக் குறைக்க முடிய வேண்டும். ஒன்றரை அங்குலத் தொடுதிரையில் முதியவரின் விரல் ஒரே சமயத்தில் மூன்று பெயர்களின் மேல் விழும். பக்கவாட்டில் தனித்தனி வடிவமுள்ள பொத்தான்களும், தவறுதலாக அழுந்தாமல் இருக்கப் பூட்டும் இருந்தால் நல்லது.

பேட்டரியும் ப்ளூடூத்தும்

பத்து முதல் பதினைந்து மணி நேரம் பாடினால் போதுமானது. பெட்டிக்குள் சிறைவைத்த லித்தியம் பேட்டரி சில நூறு முறை சார்ஜ் ஏறியதும் தளரத் தொடங்கும். கழற்றி மாற்றும் பேட்டரியுள்ள பிளேயர் இப்போது அரிது. சார்ஜ் போடும் துளை டைப்-சி என்று இருந்தாலும் ஒருமுறை சோதிக்க வேண்டும். சில மலிவுப் பிளேயர்களில் அந்தத் துளைக்குப் பின்னால் இருக்க வேண்டிய இரண்டு சின்ன ரெசிஸ்டர்களைச் சிக்கனமாக விட்டுவிடுகிறார்கள். அப்படிப்பட்ட பிளேயருக்குப் புதிய போன்களின் இருபுறமும் டைப்-சி உள்ள கேபிளால் சார்ஜ் ஏறாது. பழைய அகலமான யூஎஸ்பி முனையுள்ள கேபிளைத் தேட வேண்டியிருக்கும்.

ப்ளூடூத் இயர்போன் வைத்திருப்பவர்கள் எஸ்பிசி, ஏஏசி, எல்டாக் என்ற ஒலிச்சுருக்க முறைகளின் பெயர்களைக் கண்டு குழம்ப வேண்டாம். நடந்துகொண்டே கேட்க எஸ்பிசியே போதும். எஃப்எம் வேண்டுமென்றால் வயர் இயர்போன் கட்டாயம், அந்த வயர்தான் ஆன்டெனா. சென்னையில் 101.4 ரெயின்போவுக்காகவே பிளேயர் வாங்குகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

எந்த விலையில் என்ன

ஆயிரம் ரூபாய்க்குக் கீழே கிடைப்பவை பெயரில்லாத கிளிப் பிளேயர்கள். திரை இருக்காது, இருந்தாலும் ஒரு வரிதான். கார்டு போட்டால் பாடும், தேட முடியாது. சுப்ரபாதமும் கவசமும் தினம் ஒரே வரிசையில் கேட்கும் வீட்டுக்கு இதுவே போதும், அதற்கு மேல் செலவழிப்பது வீண்.

சுமார் 1,500 முதல் 5,000 வரை பொத்தானும் சிறு வண்ணத்திரையும் உள்ள பிளேயர்கள். சான்டிஸ்க் கிளிப் வரிசை, ரூயிசு, ஏஜிபிடெக், ஐபாடைப் பார்த்துச் செய்த இன்னியோசிஸ் ஒய்1 ஆகியவை இந்த வகை. ஒலி நன்றாகவே இருக்கும். மேலே சொன்ன தமிழ் எழுத்து, வரிசை, தொடர்ச்சி ஆகிய சோதனைகள் மிகவும் தேவைப்படுவது இந்த வகைக்குத்தான். ஒரே பெயரில் வரும் இரு தவணைச் சரக்கில்கூட மென்பொருள் மாறியிருக்கும்.

சுமார் 5,000-க்கு மேல் பன்னிரண்டாயிரம் வரை, இசைக்கருவிகளை மட்டுமே செய்யும் சீன நிறுவனங்களின் களம். ஃபியோவின் ஸ்னோஸ்கை எக்கோ மினி பழைய கேசட் பிளேயரின் தோற்றத்தில் பொத்தான்களோடு வந்தது. ஷான்லிங் எம்0 வரிசை தீப்பெட்டியை விடச் சற்றுப் பெரிது, ஆனால் எல்லாம் தொடுதிரையில். ஹைபி ஆர்1, ஹிடிஸ் ஏபி80 வரிசையும் உண்டு. ஃபர்ம்வேர் எனப்படும் உள்மென்பொருளுக்குத் திருத்தங்கள் வந்துகொண்டிருப்பது இவற்றின் முதன்மையான நன்மை. பெரும்பாலான கேட்பவர்களுக்கு இதைத் தாண்டிப் போகக் காரணமில்லை. தாண்டினால் ஆண்ட்ராய்டு பிளேயர்கள் வரும்: 2025-ல் வந்த ஃபியோ ஜேஎம்21, 2023-ல் வந்த சோனி வாக்மேன் என்டபிள்யூ-ஏ306. சந்தா சேவைகளும் தமிழ் எழுத்தும் ஒழுங்காக வரும். ஆனால் பிளேயர் இங்கே மறுபடி போனாகிவிடுகிறது.

பழைய பிளேயர்களை ஒதுக்கிவிட முடியாது. 2001-ல் தன்னார்வலர்கள் தொடங்கிய ராக்பாக்ஸ் என்ற இலவச மென்பொருள், பழைய ஐபாட்களிலும் சான்டிஸ்கின் சான்சா கிளிப் ப்ளஸ், கிளிப் ஜிப் போன்றவற்றிலும் ஏறும். ஏறினால் ஃப்ளாக், கேப்லெஸ், புக்மார்க், ஃபோல்டர் வழிப் பாடல் எல்லாம் கிடைக்கும். கம்பெனி கொடுத்ததை விட நல்ல பிளேயராகிவிடும். ஐபாட் கிளாசிக்கின் தேய்ந்த ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்டி கார்டு பொருத்தும் அடாப்டர்களும் விற்கின்றன. பழைய ஐபாடில் இரண்டைப் பார்க்க வேண்டும்: பேட்டரி எவ்வளவு நேரம் தாங்குகிறது, ஹெட்போன் துளையைத் திருகும்போது ஒரு பக்கம் ஒலி போகிறதா. ஐபாட் நானோ வகையில் பேட்டரி உப்பித் திரையைத் தள்ளியிருந்தால் தொடவே கூடாது.

செலவே இல்லாத வழியும் ஒன்று உண்டு. வீட்டில் கிடக்கும், ஹெட்போன் துளையுள்ள பழைய ஆண்ட்ராய்டு போன். சிம்மை எடுத்து, வைஃபையை அணைத்து, தேவையற்ற செயலிகளை நீக்கி, விஎல்சி போன்ற இலவச பிளேயரைப் போட்டால் ஐயாயிரம் ரூபாய்ப் பிளேயர் செய்யும் வேலைகளில் பெரும்பாலானவற்றை அது செய்யும். தமிழும் பிழையின்றி வரும். பெரிதாக இருக்கும், பார்க்காமல் பாட்டை மாற்ற முடியாது. இந்த இரண்டு குறைகளும் தொல்லை தராதவர்கள் புதிய பிளேயருக்குப் பணம் எடுத்துவைக்கத் தேவையே இல்லை.

கடையில் வாங்குவதானால் சொந்தக் கார்டும் சொந்த இயர்போனும் கொண்டுபோவது நல்லது. கார்டில் தமிழ்ப் பெயருள்ள மூன்று கோப்புகள், வெட்டிய கச்சேரி டிராக்குகள் இரண்டு, ஒரு மணி நேரத்துக்கு மேற்பட்ட பேச்சு ஒன்று, ஃப்ளாக் ஒன்று இருந்தால் பத்து நிமிடத்தில் பிளேயரின் குணம் தெரிந்துவிடும். பேச்சை நடுவில் நிறுத்தி, பிளேயரை அணைத்து, மீண்டும் போட்டுப் பார்க்க வேண்டும். இணையத்தில் வாங்கினால் இதே சோதனைகளைத் திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் வீட்டில் செய்துவிட வேண்டும். பல தளங்கள் மின்னணுப் பொருளைத் திரும்ப எடுக்காமல் மாற்றித் தருவதோடு நிறுத்திக்கொள்கின்றன; மாற்றி வரும் பிளேயரிலும் மென்பொருள் அதேதான் இருக்கும் என்பதால், பணம் திரும்பக் கிடைக்குமா என்பதை ஆர்டர் போடுவதற்கு முன்பே படித்துக்கொள்வது உத்தமம்.